நாற்பதாவது தடவையும் தாங்குகிற பாட்டு

கேள்வி: மேடம், எங்க பாப்பாவுக்கு ரெண்டே கால் வயசு. காலையில கண்ணு முழிச்சதுல இருந்து ஒரே ஒரு இங்கிலீஷ் ரைம்ஸ்தான் வேணும். போன்ல அதை வெக்காட்டி சோறு இறங்காது, கார்ல ஏறினா அழுகை. ஞாயித்துக்கிழமை ஈரோட்டுல இருந்து எங்க அம்மா வீட்டுக்குத் தாராபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள முப்பது நாப்பது தடவை ஓடுது. எங்க வீட்டுக்காரருக்குப் பழைய சினிமாப் பாட்டுன்னா உயிர். பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி பாடிட்டேதான் கார் ஓட்டுவார், இப்ப வாயே திறக்கறதில்ல. பக்கத்து வீட்டக்கா, சாஸ்திரீய சங்கீதம் போட்டா மூளை வளரும்ங்கறாங்க. மாமியார், 'தாலாட்டைப் பாடறத விட்டுட்டு போன்ல என்னத்தத் தேடற'ங்கறாங்க. குத்துப்பாட்டு கேட்டா பாப்பா எந்திரிச்சு ஆடறா, அது தப்பா? எங்க எல்லாருக்கும் பிடிக்கற மாதிரி பாட்டு எப்படித் தேர்ந்தெடுக்கறது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'பாடிட்டேதான் ஓட்டுவார், இப்ப வாயே திறக்கறதில்ல' என்ற இடத்துக்கு வந்ததும் இரண்டு முறையும் நின்றுவிட்டேன். பேச்சுப் பயிற்சி அறையில் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்தே இருபத்தைந்து வருடத்தைக் கழித்தவள் நான். ரைம்ஸ் ஓடுவதைவிட உங்கள் வீட்டுக்காரர் பாடாமல் போனதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் கிர்ஷ்னர், டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகள் கையில் மேளத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வு அது. இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரையிலான பிள்ளைகள். ஒரு தடவை எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து தட்டுவார். இன்னொரு தடவை தானாகத் தட்டுகிற இயந்திரம். மற்றொரு தடவை ஸ்பீக்கரில் இருந்து சத்தம் மட்டும். எதிரே ஆள் இருந்தபோதுதான் பிள்ளைகளின் தட்டு தாளத்தோடு நன்றாக ஒட்டியது. இந்த வயதுப் பிள்ளைகளைச் சும்மா தட்டச் சொன்னால் படபடவென்றுதான் தட்டும், நிதானத்துக்கு இறங்கி வராது. ஆனால் கூட ஓர் ஆள் தட்டினால், இரண்டரை வயதுப் பிள்ளைகூட தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து வந்தது.

உங்கள் பாப்பாவும் ஏறக்குறைய அதே வயதுதான். காரில் இப்போது அவளுக்குக் கிடைப்பது ஸ்பீக்கர் மட்டும். கூடத் தட்ட வேண்டிய ஆள் முன் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே நான் சொல்லப்போவது கொஞ்சம் தலைகீழாகப் படலாம். பிள்ளைக்காக என்று உங்களுக்குப் பிடிக்காத பாட்டைப் போடாதீர்கள். 'குழந்தைப் பாடல்' என்று மேலே எழுதியிருக்கிறதா என்று தேடவும் வேண்டாம். கூட வாயசைக்க, தொடையில் தட்ட, பெரியவர் ஒருவருக்காவது ஆசை வருகிறதா என்று பாருங்கள். அப்படி ஆசை வந்தால் அந்தப் பாட்டு உங்கள் வீட்டுக்கு ஆகும்.

அடுத்த சோதனை, நாற்பது தடவை. ஏனென்றால் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அவள் அதை நாற்பது தடவை கேட்கத்தான் போகிறாள்.

என் மகனுக்கு இரண்டு வயதானபோது கேசட் காலம். பி பக்கத்தில் மூன்றாவது பாட்டு மட்டும்தான் அவனுக்கு வேண்டும். முடிந்தவுடன் 'இன்னோ' என்பான். ரீவைண்ட் பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கினால் பாட்டின் தலைக்கு வரும் என்பது என் கட்டைவிரலுக்கே பழகிவிட்டது. ஒருநாள் நாடா சிக்கிக்கொண்டது. பென்சிலைச் செருகிச் சுற்றி எடுத்தேன். நாடா கசங்கிய இடத்தில் பாடகரின் குரல் ஒரு கணம் அமுங்கி வளையும். மறுநாளே அவன் அந்த இடம் வந்தால் தானும் குரலை அமுக்கி வளைத்துப் பாடினான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கூடவே ஒன்று புரிந்தது. நாம் எருமை மாட்டில் மழை பெய்த மாதிரி கேட்கிற நாற்பதாவது தடவையில் பிள்ளை இன்னும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் சில தடவை எல்லாம் ஒரே இரைச்சல் அவர்களுக்கு. பிறகு, இது முடிந்தால் அது வரும் என்று பிடிபடும். பிடிபட்டது சொன்னபடி வந்துவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்கப் பெரியவர்கள் இழுத்த இழுப்புக்குப் போகிற ஒரு ஜீவனுக்கு, தான் நினைத்தபடியே நடக்கிற விஷயம் பாட்டு ஒன்றுதான். அதனால் 'எத்தனை தடவைடி கேப்ப' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பது தடவை கேட்டாலும் உங்களுக்கும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிற பாட்டாகப் பார்த்துக் கொடுங்கள்.

அப்படிப்பட்ட பாட்டு எப்படி இருக்கும்? இந்த மாதிரி ரைம்ஸ் வீடியோக்கள் பலவற்றில் ஒரு கீபோர்டு, ஒரு கீச்சுக்குரல், அவ்வளவுதான். இரண்டு தடவையில் எல்லாம் கேட்டு முடிந்துவிடும், அதற்கு மேல் நமக்குத் தலைவலி. மனிதர்கள் உட்கார்ந்து வாசித்த பாட்டில் அப்படியில்லை. பத்தாவது தடவை புல்லாங்குழல் காதில் விழும், இருபதாவது தடவை அடியில் ஓடுகிற பேஸ் கிடார். உங்கள் வீட்டுக்காரரின் பழைய சினிமாப் பாட்டுகளில் இது நிறையவே இருக்கும். நம் பாட்டுகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பல்லவி திரும்பத் திரும்ப வரும். சரணம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பல்லவிக்கு வந்து விழுகிற அந்த இடத்தைத்தான் இரண்டு வயதுப் பிள்ளை காத்திருந்து பிடிக்கும். எனவே அவருடைய பட்டியலில் இருந்து, பல்லவி சின்னதாக, சொற்கள் தெளிவாக, வேகம் நடைபோடுகிற அளவில் இருக்கிற ஐந்தாறு பாட்டை அவரையே பொறுக்கச் சொல்லுங்கள். இடையிசையே ஒரு நிமிடம் ஓடுகிற பாட்டு இப்போதைக்கு வேண்டாம். அவள் அதற்குள் ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிடுவாள்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். ஆண்கள் சவுகரியமாக அடித்தொண்டையில் முனகுவார்கள். பிள்ளையின் குரல் அந்த ஆழத்துக்கு எட்டாது. கொஞ்சம் ஏற்றிப் பாடினால் அவளும் வந்து சேர்ந்துகொள்வாள். சுருதி சேரவில்லையே என்ற கூச்சமே வேண்டாம். கேட்கப்போவது சபா அல்ல, கார் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரே ஒரு ரசிகை.

இனி, என் அறையில் தினமும் செய்கிற ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டைத் தேர்ந்தெடுப்பது பாதி என்றால் இது மீதிப் பாதி. 'கைவீசம்மா' உங்களுக்குத் தெரியும். அதில் ஒவ்வோர் அடியும் 'கைவீசு' என்றே முடியும். எந்தப் புண்ணியவதி கட்டினாளோ, பேச்சுப் பயிற்சிக்கென்றே கட்டினது போல இருக்கிறது. முதல் பத்து நாள் முழுதாகப் பாடுங்கள். பதினோராம் நாள், 'கடைக்குப் போகலாம்...' என்று இழுத்து, கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள். வாயைப் பாதி திறந்து, புருவத்தை உயர்த்தி, அவள் முகத்தையே பாருங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள்.

இந்த ஐந்துதான் கஷ்டம். பெரும்பாலான அம்மாக்கள் இரண்டிலேயே தாங்க முடியாமல் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பையனுக்கு மூன்று எண்ணும்வரை ஒன்றுமில்லை. நான்கில் கை மட்டும் லேசாக ஆடியது. ஐந்தில் 'சு' என்றான். கடைசி அசை மட்டும். அவன் அம்மா கதவோரம் நின்றிருந்தவர், டிபன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டார். பாட்டில் கடைசி அசைதான் முதலில் வரும், அப்புறம் கடைசிச் சொல், அப்புறம் அடி முழுவதும். இதையே சினிமாப் பாட்டிலும் செய்யலாம். பல்லவியின் கடைசிச் சொல்லுக்கு முன் நீங்கள் பாஸ் பட்டனை அமுக்குங்கள். ஓட்டுகிறவர் கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருக்கட்டும்.

பாட்டே வேண்டாம், வெறும் வாயே போதும் என்கிற நாட்களுக்கு நம்மிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: சொற்கட்டு, அதாவது தாளத்தை வாயால் சொல்லுகிற சொற்கள். தகிட என்றால் மூன்று தட்டு, தகதிமி என்றால் நான்கு, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு. சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. தாராபுரம் சாலையில் ஒரு ஸ்பீடு பிரேக்கரிலிருந்து அடுத்ததுக்குள் எத்தனை தகதிமி என்று எண்ணிக்கொண்டே போகலாம். இதில் எனக்குப் பிடித்தது நாக்கின் பிரயாணம். 'த' பல்லில் தட்டும், 'க' தொண்டைப் பக்கம், 'ட' நாக்கை மடித்து மேலே, 'மி'க்கு உதடு சேரும். ஒரு வரிக்குள் வாய் முழுக்க ஒரு சுற்று வந்தாயிற்று. உங்கள் பாப்பா 'தகதிமி'யை 'ததிமி' என்று சொல்லலாம். இந்த வயதில் 'க' இருக்க வேண்டிய இடத்தில் 'த' வருவது சகஜம். திருத்தாதீர்கள், நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே போங்கள்.

பக்கத்து வீட்டக்காவின் மூளை வளர்ச்சிக்கு வருவோம். இந்தப் பேச்சின் வேர் 1993-ல் இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை மொட்சார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்க வைத்து, பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்குகளைக் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. அதில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. ஆனால் 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் சாஸ்திரீய இசை வட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்கும் அளவுக்கு அது ஊதிப் பெருகிவிட்டது. அக்காவிடம் சண்டை போட வேண்டாம். ஆலாபனை கேட்டு உங்களுக்கு நெஞ்சு குளிர்ந்தால் தாராளமாகப் போடுங்கள், பிள்ளையும் உங்கள் மடியில் கிடந்து கேட்கட்டும். மருந்து மாதிரி மணி பார்த்துப் புகட்டாதீர்கள்.

உங்கள் மாமியார் பக்கம் எனக்கு ஒரு சாய்வு உண்டு, மறைக்கவில்லை. 'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. பிள்ளைத்தமிழ் பாடின புலவர்கள் பருவம் பருவமாக வைத்திருப்பதைப் பார்த்தால், எங்கள் துறையின் வளர்ச்சிப் பட்டியல் போலவே இருக்கும்: தாலாட்டுகிற தால் பருவம், அதையடுத்துக் கை கொட்டுகிற சப்பாணி, 'வா வா' என்று நடை பழக்கிக் கூப்பிடுகிற வாரானை, நிலாவைக் கூப்பிடுகிற அம்புலி, மெல்ல வளர்ந்தபின் சின்னப் பறையைத் தட்டுகிற சிறுபறை. மடியில் கிடப்பது, கை தட்டுவது, நடப்பது, கூப்பிடுவது, தாளம் போடுவது. உங்கள் பாப்பா இப்போது டப்பாவைத் தட்டுகிற கட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

தாலாட்டின் வேகம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? தூளியைக் கேளுங்கள். விட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தொங்குகிற தூளி ஒரு தடவை போய்வர ஏறக்குறைய இரண்டரை விநாடி எடுக்கும். நீங்கள் எவ்வளவு தள்ளினாலும் அவ்வளவுதான், கயிற்றின் நீளம்தான் தீர்மானிக்கும். அந்த ஆட்டத்தின் மேல்தான் 'ஆராரோ' வந்து உட்காருகிறது. ராத்திரித் தூக்கத்துக்குப் பாட்டுத் தேடினால் இந்த அளவைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிற ஊஞ்சலோடு சேர்ந்து போகிறதா? திடீரென்று டிரம்ஸ் இடிக்காமல் ஒரே மாதிரி போகிறதா? போதும். அத்தையைப் பாடச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் சும்மா படுத்திருந்தால் இன்னும் நல்லது. போனில் தேட வேண்டிய வேலையே இல்லை.

குத்துப்பாட்டு? ஆடட்டும். நீங்களும் ஆடுங்கள். பேசத் தெரியாத கைக்குழந்தைகூட வெறும் பேச்சைவிடத் தாளத்துக்குத்தான் அதிகமாக உடம்பை அசைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதைத் தடுத்து என்ன செய்யப்போகிறோம்? பிரச்சினை சொல்லில்தான். இரட்டை அர்த்தம் அவளுக்கு விளங்காது, ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் சத்தமாகச் சொல்லிக் காட்டுவாள். பெரிய மாமனார் எதிரே அவள் அந்த வரியைச் சொன்னால் நீங்கள் தலையைக் குனிய வேண்டியிருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். குனிய வேண்டியிருந்தால் சொல் இல்லாத பறையிசையோ தவிலோ போட்டு ஆடலாம், ஆட்டத்துக்கு ஒன்றும் குறையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆடினால் நல்லது, படுக்கப்போகிற ஒன்பது மணிக்கு ஆடினால் உங்கள் பாடு.

சத்தம் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை. சாதாரணப் பேச்சு 60 டெசிபலை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90-க்கு ஏற்றினால் பிள்ளைக்கு வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் மிச்சம். உங்கள் ஒரு தாராபுரம் பயணத்திலேயே அது தீர்ந்துபோகும். இன்னொன்று, பெரும்பாலான கார்களில் பின் ஸ்பீக்கர் இருப்பது பின் கதவிலோ, சீட்டுக்குப் பின்னாலேயோ. பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில். முன்னால் உங்களுக்கு அளவாகக் கேட்கிற சத்தம் அவளுக்கு அதிகம். ஸ்டீரியோ அமைப்பில் 'ஃபேடர்' என்று ஒன்று இருக்கும். அதை முன்பக்கம் தள்ளிவிடுங்கள், பின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, காற்று இரைச்சலை அமுக்கப் பாட்டைக் கூட்டுவதும் வேண்டாம். முன் சீட்டிலிருந்து நீங்கள் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் அவள் திரும்ப வேண்டும். கல்யாண மண்டபத்திலும் நாதஸ்வர மேடைக்கு முதல் வரிசை வேண்டாம், என் உறவுக்காரர்கள் எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை.

சரி, அந்த ரைம்ஸை எப்படிக் குறைப்பது? ஒரேயடியாகப் பிடுங்கினால் தாராபுரம் வரை அழுகைதான். முதலில் படத்தைக் குறையுங்கள், பாட்டை விட்டுவையுங்கள். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை எல்லாத் திரைகளும் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது, சோறு ஊட்டும் நேரத்திலேயே உங்களுக்கு அது முடிந்திருக்கும். போனைக் கவிழ்த்து வைத்து ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கவிடுங்கள். படம் போனதும் கை கால் அசைய ஆரம்பிப்பதைப் பார்ப்பீர்கள். பிறகு, தபால் அட்டை அளவில் ஐந்தாறு அட்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரையுங்கள். அவளுடைய ரைம்ஸுக்கு ஒன்று, அப்பா பாட்டுக்கு ஒரு கார், அப்பத்தா பாட்டுக்கு ஒரு தூளி, ஆட்டத்துக்கு ஒரு மேளம். 'பாப்பாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு' என்று மாற்றி மாற்றி எடுக்க வையுங்கள். அவள் முறையில் மறுபடியும் அதே ரைம்ஸ் அட்டையைத்தான் எடுப்பாள். எடுக்கட்டும். நாற்பது இருபதாகிவிட்டதே! மூன்றாவது வாரத்தில் கார் அட்டையை அவளே எடுத்து நீட்டினால் உங்கள் வீட்டுக்காரர் முகத்தை எனக்குப் படம் பிடித்து அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. அவள் எப்படிப் பேசுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. 'அம்மா பால்', 'அப்பா போச்சு' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறாள் என்றால் சந்தோஷம். ரைம்ஸை அடி மாறாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுக்கிறாள், சொல்லிக் கேட்பதில்லை என்றால், அல்லது பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்புவதில்லை என்றால், தள்ளிப்போடாமல் காதுப் பரிசோதனையும் பேச்சு மதிப்பீடும் செய்துகொள்ளுங்கள். பாட்டு நன்றாக வருகிறதே என்று சும்மா இருந்துவிட்டு நாலு வயதில் வந்து நிற்கிறவர்களை நான் மாதத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பேச்சுப் பயிற்சியாளர்

பின்குறிப்பு: தாளம் தட்ட எவர்சில்வர் டப்பாவில் துவரம்பருப்போ சுண்டலோ போட்டுக் கொடுப்பீர்கள், எல்லா வீட்டிலும் செய்வதுதான். மூடியைச் சுற்றி நல்ல டேப் இரண்டு சுற்று ஒட்டிவிட்டுக் கொடுங்கள். சுண்டல் மூக்குக்குள் போனால் ஊறிப் பெருத்துவிடும், எடுப்பது பெரும்பாடு.